எண்ணும் எழுத்தும்: மலைநாட்டு வரலாற்றை எழுதும் முறை

(பத்தாம் ஆண்டு விழாவில், ஜமுனாமரத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் இவ்விலக்கிய வட்டத்தார், வரலாற்றாய்வில் அளவைசார் முறையும் பல்துறை இணைவு முறையும் என்னும் பொருளில் பேசுமாறு பணித்துள்ளனர். தமிழாசிரியர்க்கு எண்களோடு என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். கல்வியைப் பற்றிப் பேசவந்த வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகவே கண்டார். அவற்றுள்ளும் எண்ணையே முன்வைத்தார். நாமோ நெடுங்காலம் ஒரு கண்ணால் மட்டுமே வரலாற்றைப் பார்த்து வந்தோம். மற்றொரு கண்ணையும் திறந்தால் என்ன தெரியும், அக்கண்ணுக்கும் எட்டாதது எது என்னும் இரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

ஒரு கல்வெட்டு ஒரு காலம் ஆகாது

நம் வரலாற்று எழுத்தில் ஒரு பழக்கம் வேரூன்றியுள்ளது. சிறப்பான கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனையே அக்காலம் முழுமைக்கும் சான்றாக்கிவிடுவது அப்பழக்கம். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். முதற் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையை விரிவாக உரைக்கின்றன. முப்பது குடும்புகள், வாரியங்கள், உறுப்பினர்க்குரிய தகுதிகள், தகுதியின்மைகள் எல்லாம் அவற்றுள் ஒழுங்குறச் சொல்லப்பட்டுள்ளன. இவற்றைக் கொண்டு, சோழர் காலத்துச் சிற்றூர்கள் யாவும் மக்களாட்சியில் திளைத்தன என்று மேடைதோறும் முழங்குகிறோம்.

ஆயின் அத்தகுதிகள் யாவை? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். முப்பத்தைந்து அகவைக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், அங்கிருந்தது சபை. பிரமதேயம் அல்லாத ஊர்களில் இருந்தது ‘ஊர்’ என்னும் அமைப்பு. நாட்டில் எத்தனை ஊர்கள் பிரமதேயங்கள், எத்தனை பிறவகை ஊர்கள் என்று எண்ணிய பின்னரே, ஓர் ஊரின் செய்தி எத்துணைப் பேருக்குப் பொருந்தும் என்று சொல்ல இயலும். 1973-இல் வெளிவந்த எ. சுப்பராயலு அவர்களின் சோழ நாட்டு அரசியல் நிலவியல் பற்றிய நூல் இவ்வகையில் ஒரு திருப்புமுனை எனலாம். கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி, அவை எந்நாட்டில், எந்த ஆற்றங்கரையில் அமைந்தன என்று நிலப்படத்தில் நிறுத்தியபோது, பிரமதேயங்கள் சிறுபான்மையினவே என்பதும், வேளாண் மக்கள் வாழ்ந்த ஊர்களே பெரும்பான்மையின என்பதும் தெளிவாயின. பெருமைப் பேச்சிற்கு ஒரு கல்வெட்டு போதும். வரலாற்றிற்கு எல்லாக் கல்வெட்டுகளும் வேண்டும்.

பெயர்களை எண்ணியவர்கள்

இம்முறைக்கு ஒரு பெரும் எடுத்துக்காட்டாக நிற்பவர் சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா. 1933-இல் பிறந்து 2015-இல் மறைந்த இவர், தமிழ் கற்று, நம் கல்வெட்டுகளுக்குத் தம் வாழ்நாளை ஒப்படைத்தவர். 1966-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரிக் கரையில் அமைந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு அண்டை ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டது. பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலத்தைத் தனி மனிதர் உடைமையாகக் கொண்டு விற்றனர், வாங்கினர். அல்லூரிலோ நிலம் ஊராரின் பொது உடைமையாக இருந்தது. நடந்து சென்றடையும் தொலைவிலிருந்த இரண்டு ஊர்களுக்குள் இரண்டு வகை நிலவுடைமை! சோழர் கால நிலவுடைமை இன்னது என்று ஒரே சொல்லால் கூறிவந்தவர்களை இக்கட்டுரை நிறுத்தி வைத்தது.

அதன்பின் சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் இணைந்து, கணிப்பொறியின் துணையுடன் சோழர் கல்வெட்டுப் பெயரடைவினை அவர் உருவாக்கினார். மூன்று தொகுதிகளாக 1978-இல் மதுரையில் வெளியான அப்பெயரடைவு, 3,500-க்கு மேற்பட்ட கல்வெட்டுகளிலிருந்து 9,000-க்கு மேற்பட்ட ஆட்பெயர்களைத் திரட்டித் தருகிறது. சோழர் காலத்தை 985, 1070, 1178 ஆகிய ஆண்டுகளை எல்லைகளாகக் கொண்டு நான்கு கூறுகளாகப் பகுத்து, எப்பட்டம் எக்கூற்றில், எம்மண்டலத்தில் எத்தனை முறை வருகிறது என்று அவர்கள் எண்ணினர். மூவேந்தவேளான் என்னும் பட்டத்தை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அப்பட்டம் முதலாம் இராசராசன் காலந்தொட்டுப் பெருகி, பின்னைக் காலத்தில் அருகுவதை அவ்வெண்ணிக்கை காட்டியது. அரசு அலுவலரின் பட்டம் பெருகும்போது அரசின் கை ஊருக்குள் நீள்கிறது. அது தேய்ந்து, குறுநிலத் தலைவர்களின் பட்டங்கள் மிகும்போது அக்கை தளர்கிறது. பெயர்களின் ஏற்ற இறக்கம் ஆட்சியின் நாடித் துடிப்பாயிற்று.

வரிகளைப் பற்றியும் இவ்வாறே. சோழர் கல்வெட்டுகளில் வரிச்சொற்கள் 400-க்கு மேல் உள்ளன. சொல் எத்தனையோ வரி அத்தனை என்று கொண்டு, மக்கள் நானூறு வரிகளால் நசுங்கினர் என்று எழுதினோர் உண்டு. கராசிமாவும் பா. சீதாராமனும் 1972-இல் அச்சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கணக்கிட்டபோது, பெரும்பாலானவை ஓரிரு முறையே வருவதும், கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, முட்டையாள், எச்சோறு, தட்டார்ப்பாட்டம் முதலிய ஒரு சிலவே பரவலாக வருவதும் புலனாயின. வரிச்சுமை இல்லை என்பதன்று இதன் பொருள். எச்சுமை எவர் தோளில் இருந்தது என்று இனிச் சரியாகக் கேட்கலாம் என்பதே பொருள்.

இவ்வாய்வுகள் ஒரு பெரும் விவாதத்தின் நடுவே நிகழ்ந்தவை. நீலகண்ட சாத்திரியார் சோழ அரசை மாட்சிமிக்க பேரரசாகக் கண்டார். 1980-இல் பர்ட்டன் ஸ்டெயின், அது தளர்ந்த கூறுகளாலான அரசே, மன்னனின் ஆணை நடுவிடத்தைத் தாண்டிச் செல்லவில்லை என்றார். இரு தரப்பும் எடுத்துக்காட்டுகளை அடுக்கிக்கொண்டே போயிருக்கலாம். அலுவலர் பட்டங்களையும் வரித்துறைச் செய்திகளையும் காலவாரியாக எண்ணிக் காட்டிய பின்னரே, விவாதம் ‘ஆம்’, ‘இல்லை’ என்பதிலிருந்து ‘எப்போது’, ‘எங்கே’, ‘எவ்வளவு’ என்பதற்கு நகர்ந்தது.

பெண்களை எண்ணியபோது

என் நெஞ்சிற்கு நெருக்கமான மற்றொரு சான்றும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றிய கல்வெட்டு புகழ்பெற்றது. ஒவ்வொருவரின் பெயர், அவர் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எத்தெருவில் எத்தனையாவது வீடு, ஆண்டிற்கு நூறு கலம் நெல்லாகிய பங்கு என எல்லாம் அதில் உள்ளன. அக்கல்வெட்டின் ஒளியில், கோயிற்பெண்டிர் என்றாலே ஆடல் மகளிர் என்று முடிவு கட்டிவிட்டோம். லெஸ்லி ஓர் என்னும் ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட நூலில், கோயிற்பெண்டிரைக் குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டுகளைத் திரட்டி எண்ணினார். அவற்றுள் அப்பெண்டிர் பெரிதும் கொடையாளராகவே காட்சி தருகின்றனர். ஆடலோடு அவர்களை இணைக்கும் சான்றுகள் மிகச் சிலவே. தஞ்சைக் கல்வெட்டு விதியன்று, விலக்கு என்பது தெளிவாயிற்று. விளக்கிற்குப் பொன் கொடுத்து, நிலம் கொடுத்து, கோயிலில் தமக்கென ஓர் உரிமையை ஈட்டிக்கொண்ட பெண்கள் எண்ணிக்கையின் வழியே நம் முன் எழுந்து வந்தனர்.

எண்ணின் எல்லை

இனி மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். எண் தானே பேசுவதில்லை. நாம் கேட்கும் வினாவிற்கே அது விடை சொல்லும். அமெரிக்க அடிமை முறையைப் பற்றி இராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் 1974-இல் ஒரு நூல் எழுதினர். பொருளியலையும் புள்ளியியலையும் வரலாற்றில் புகுத்தியவர் ஃபோகல். அதற்காக 1993-இல் டக்ளஸ் நார்த்துடன் நோபல் பரிசு பெற்றவர். ஒரு பண்ணையாரின் நாட்குறிப்பிலிருந்து, ஆள் ஒருவர்க்கு ஆண்டிற்கு 0.7 சவுக்கடித் தண்டனையே விழுந்தது என்று அந்நூல் கணக்கிட்டது. ஒன்றிற்கும் குறைவு என்னும்போது கொடுமை குறைவாகத் தோன்றுகிறது அன்றோ? எர்பர்ட் கட்மன் என்னும் வரலாற்றறிஞர் அதே குறிப்பை எடுத்து வேறொரு கணக்குப் போட்டார். அப்பண்ணையில் நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் மீது சவுக்கு விழுந்தது. அதனை ஏனையோர் அனைவரும் கண்டுகொண்டிருந்தனர். ஒரே சான்று, இரண்டு வகுத்தல்கள். முதலாவது பண்ணையாரின் கண். இரண்டாவது அடிமையின் கண். எதை எதனால் வகுக்கிறோம் என்பதிலேயே அறம் இருக்கிறது.

அடுத்த எல்லை இன்னும் ஆழமானது. எழுதப்பட்டவற்றையே எண்ண முடியும். கல்வெட்டுகள் பெரும்பாலும் கோயிற்சுவர்களில் உள்ளவை. கொடை கொடுத்தோரும், நிலம் உடையோரும், அலுவலருமே அவற்றில் மிகுதி. அந்நிலத்தை உழுதவர் பெயர் அருகியே வரும். மலையில் வாழ்ந்தவர் பெயரோ அதனினும் அருகும். ஒன்பதாயிரம் பெயர்களின் அடைவில் சவ்வாது மலை மக்களை எங்கே தேடுவது? எண்ணிக்கையில் இல்லாதவர் வரலாற்றிலும் இல்லாதவர் ஆகிவிடுவரோ? இவ்விடத்தில்தான் எண்ணுக்குத் துணையாகப் பிற துறைகள் வர வேண்டியுள்ளது.

துறைகள் கூடும் இடம்

பிரான்சு நாட்டில் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவரும் 1929-இல் தொடங்கிய ‘அனால்’ இதழ், வரலாற்றை நிலவியல், பொருளியல், மானிடவியல், உளவியல் ஆகியவற்றோடு ஒரே பந்தியில் அமர்த்தியது. நம் நாட்டில் அப்பணியைத் தனியொருவராகச் செய்தவர் கணித மேதை தா. தா. கோசாம்பி. பழைய முத்திரைக் காசுகளை ஆயிரக்கணக்கில் நிறுத்துப் பார்த்து, புழக்கத்தில் தேய்ந்த அளவைக் கொண்டு அவற்றின் முன்பின்னைக் கணித்தார். அதே மனிதர் வடமொழிச் சுவடிகளையும் பதிப்பித்தார். சிற்றூர்த் தெய்வங்களின் கல்மேடைகளைத் தேடிக் காடுமேடும் நடந்தார். தமிழகத்தில் பேராசிரியர் நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ், நாட்டார் வழக்காற்றையும் கல்வெட்டையும் சமூகவியலையும் ஒருங்கே வைத்துப் பார்க்கக் கற்பித்தது.

இம்மலையிலேயே உள்ள காவலூர் வான்நோக்கு நிலையம் இங்கு நினைவிற்கு வருகிறது. வானியலுக்கும் கல்வெட்டிற்கும் உள்ள உறவு பழையது. கல்வெட்டில் வரும் கிழமை, திதி, நாள்மீன் ஆகியவற்றைக் கணித்தே கீல்ஹார்ன் என்னும் செருமானிய அறிஞர், முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டு சூன் 25-க்கும் சூலை 25-க்கும் இடையே அரியணை ஏறினான் என்று நிறுவினார். நம்மவராகிய எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் வெளியிட்ட பஞ்சாங்கக் கணிதத் தொகுதிகள் இல்லாமல் இன்றும் கல்வெட்டாய்வு நடவாது. விண்மீன் மன்னனின் நாளைச் சொன்னது. கரி மக்களின் காலத்தைச் சொல்கிறது. கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கரிமப் பகுப்பாய்வு கூறியதாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. மன்னர் பெயர் ஒன்றுகூட இல்லாத இடத்திலும் வரலாறு எழுதலாம் என்பதற்கு இதனினும் நற்சான்று வேண்டுவதில்லை.

இம்மலையின் சான்றுகள்

எனில், இம்மலையின் வரலாற்றை எழுதுவதற்கு நம் கையில் உள்ளவை யாவை? சிலவற்றை மட்டும் சுட்டுகிறேன்.

முதலாவது கற்கள். மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தின் நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை, இரா. நாகசாமி அவர்களின் பதிப்பாக 1972-இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், வாணகோ அரைசரைச் சார்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமைகளைக் காத்து இறந்தான். கோவிவன் என்னும் அவனது நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனோடு நாயும் கல்லில் நிற்கிறது; நாயின் பெயரும் எழுத்தில் நிற்கிறது. கோயிற்சுவர் பொன்னும் நெல்லும் பேசுகிறது. நடுகல்லோ மாட்டையும் சாவையும் பேசுகிறது. தொல்காப்பியர் வெட்சித்திணைக்கு வகுத்த இலக்கணம் ஏட்டில் இருக்க, அதன் வாழ்க்கை இம்மலையடிவாரத்துக் கற்களில் இருக்கிறது. ஒவ்வொரு நடுகல்லும் எவ்வழியில், எந்நீர்நிலைக்கு அருகில், எந்த மேய்ச்சற் காட்டின் வாயிலில் நிற்கிறது என்று நிலப்படத்தில் குறித்தால், தொறு கவர்ந்தோர் வந்த வழி புலப்படும். இதற்கு இலக்கியம், கல்வெட்டு, நிலவியல், கால்நடை அறிவு நான்கும் வேண்டும்.

இரண்டாவது, பெயர்கள். சோழர் ஆட்சியமைப்பின் அடிப்படை அலகு ‘நாடு’ என்று சுப்பராயலு நிறுவினார். சமவெளியில் அச்சொல் ஆட்சி வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் இம்மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று அது இன்றும் உயிரோடு உள்ளது. கொல்லிமலையிலும் நாடுகள் உண்டு. மலையின் நாடும் கல்வெட்டின் நாடும் ஒன்றா? கீழிருந்து மேலேறிய சொல்லா, இங்கேயே தழைத்த அமைப்பா? நம்மியம்பட்டு, புங்கம்பட்டு என ‘பட்டு’ என முடியும் பெயர்கள் எத்தனை, ஜமுனாமரத்தூர் போல மரத்தின் பெயரால் அமைந்தவை எத்தனை, ‘ஊர்’ என முடிபவை எத்தனை? இவற்றை எண்ணுவதற்குக் கணிப்பொறியும் வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூட ஏடு போதும்.

மூன்றாவது, வாய்மொழி. சவ்வாது மலையின் மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்னும் மரபினை, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகள் பதிவு செய்துள்ளன. தம் குலப் பெண்களைக் கவர்ந்து சென்றோரைத் தேடி ஏழு ஆடவர் நாய்களுடன் புறப்பட்டனர். வெள்ளம் பெருகிய பாலாற்றை ஆடவர் கடந்துவிட, நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. நாய்கள் தனியே வரக் கண்ட வீட்டார், சென்றவர் இறந்தனர் எனக் கொண்டு இறுதிச் சடங்கு செய்துவிட்டனர். மீண்டு வந்தோர்க்கு ஊரில் இடமில்லாமற் போக, மலையேறினர் என்பது கதை. இதனை அப்படியே வரலாறு என்று கொள்வதும் தவறு. கட்டுக்கதை என்று தள்ளுவதும் தவறு. காஞ்சியிலிருந்து வந்தோம் என்னும் கூற்று வேறு சில மலைகளிலும் வழங்குகிறது. எனவே ஊர்தோறும் சென்று, இக்கதையின் எவ்வடிவம் எங்கே வழங்குகிறது, எவ்வூரில் ஏழுபேர், எவ்வூரில் மூவர், ஆறு எங்கே வருகிறது, நாய் எங்கே மறைகிறது, பெண்கள் சொல்லும்போது கதை எவ்வாறு மாறுகிறது என்று பட்டியலிட வேண்டும். அப்பட்டியலே ஒரு நிலப்படமாகும். அந்நிலப்படமே குடிப்பெயர்வின் சுவடாகலாம். தர்ஸ்டன் எழுதிக்கொண்டது ஒரு வடிவம். அவரிடம் சொல்லப்படாத வடிவங்கள் எத்தனையோ!

செய்ய வேண்டுவது

ஒரு முன்மாதிரியைச் சொல்லி முடிக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியல் பேராசிரியராகிய கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அழைத்து, விடுமுறையில் சிற்றூர்களுக்குச் சென்று கணக்கெடுத்து வாருங்கள் என்று வினாநிரல் கொடுத்தனுப்பினார். வீடு எத்தனை, நிலம் எவரிடம், கடன் எவ்வளவு, கிணறு எத்தனை என்று மாணவர் எழுதி வந்தவை 1918-இல் நூலாயின. அவற்றுள் ஒன்று இன்றைய நம் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த தூசி. அவ்வூர் 1930-களில் மீண்டும் கணக்கெடுக்கப்பட்டது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கணக்கெடுத்தனர். ஒரே ஊரின் எழுபது ஆண்டு வாழ்க்கை எண்களில் நம் முன் உள்ளது. இதற்குத் தொடக்கம் செய்தவர்கள் புகழ்பெற்ற அறிஞர்கள் அல்லர், மாணவர்கள்.

தூசிக்கு வாய்த்தது ஜமுனாமரத்தூருக்கு வாய்க்கக் கூடாதா? இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் ஊருக்கு ஓர் ஏடு எனத் தொடங்கலாம். முதற் பகுதியில் ஊர், வயல், ஓடை, பாறை ஆகியவற்றின் பெயர்கள். இரண்டாம் பகுதியில் நடுகல், கல்திட்டை, கோயிற்கல், அவை நிற்கும் இடம். மூன்றாம் பகுதியில் சாமை முதலிய பயிர்களும் அவை விளைந்த நிலத்தின் அளவும், இன்று விளைவதும். நான்காம் பகுதியில் முதியோர் சொல்லும் கதையும் பாட்டும், சொன்னவர் சொன்னபடியே. கேட்ட நாளும் ஊரும் தவறாமல் எழுதப்படல் வேண்டும். முதியோரின் இசைவு பெற்றே எழுத வேண்டும். எழுதியதன் ஒரு படி அவ்வூரிலேயே இருத்தல் வேண்டும். ஊரின் நினைவை எடுத்துக்கொண்டு போய், ஊருக்கு ஒன்றும் தராத ஆய்வு நமக்கு வேண்டா.

இதில் காலந்தாழ்த்த இயலாது. கல் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். ஆயின் அதுவும் சாலை அகலும்போது பெயர்க்கப்படும், வீட்டுக்கு அடித்தளம் இடுகையில் உடைபடும். மனித நினைவோ ஒரு தலைமுறைக்கு மேல் காத்திராது. ஒரு பாட்டி மறையும்போது பத்து வயல்களின் பெயரும் உடன் மறைகின்றன. சோழர் பெயர்களைத் திரட்டியவர்களுக்குக் கற்சுவர்கள் துணை நின்றன. உங்கள் பெயர்களைத் திரட்டுவதற்கு நீங்களே துணை.

கருந்தேவக்கத்தியின் உறவினர், அவனோடு நின்ற நாயின் பெயரையும் விட்டுவிடாமல் கல்லில் எழுதி வைத்தனர். ஒருவரையும் விட்டுவிடாமல் எண்ணுதல், எண்ணிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதுதல் என்னும் இரண்டுமே நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டிய முறையியல். அதனை இம்மலையின் இளைஞர்கள் கையில் ஒப்படைக்கிறேன்.